ஒரே மரத்துக் குருத்தோலை

1996, குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய நாள். காந்திபுரத்தில் டவுன் பஸ் பிடித்து உக்கடம் வந்து, பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறினேன். கிணத்துக்கடவுக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். டிக்கெட் நாலு ரூபாய். என்னோடு முன்பு வேலை பார்த்த ஞானராஜ் ஸ்டாப்பில் நின்றிருந்தான். அவன் ஊருக்குச் சைக்கிளில் மூன்று கிலோமீட்டர்.

போகும்போதே சொன்னான். ஊரில் இருந்தது ஒரே கிறிஸ்தவக் கோயில். ஆராதனையில் கைதட்டிப் பாடலாமா கூடாதா என்று கிளம்பிய பேச்சு முற்றி, கைதட்டுகிறவர்கள் தனியாகப் பிரிந்து ஓட்டுக் கொட்டகையில் சபை வைத்துக்கொண்டார்களாம். ஞானராஜ் அவர்களோடு போய்விட்டான். தாயில்லாத அவனை வளர்த்த அக்கா எஸ்தர் பழைய கோயிலிலேயே இருந்துவிட்டார். இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

"சின்னதுல இருந்து அக்கா கையப் புடிச்சுத்தானுங்ணா ஊர்வலம் போவேன். இந்த வருசமாச்சும் கூட நடக்கோணும்" என்றான்.

மாலை நாலு மணிக்குக் கவுண்டர் தோப்புக்குப் போனோம். ஊர்வலத்துக்கு வருஷா வருஷம் தென்னங்குருத்து தருகிறவர் அவர்தான். பழைய கோயில்காரர்களும் வந்திருந்தார்கள், எஸ்தர் அக்காவும்.

"ஏனுங்க, குருத்த வெட்டுனா மரம் தேறி வர எத்தன நாளாகும்னு தெரியாதுங்களா? உங்களுக்குச் சாமி ஒண்ணுதானுங்களே. ஒரு மரந்தான் தருவேன். சேர்ந்தே எடுத்துட்டுப் போங்க" என்றார் கவுண்டர்.

ஞானராஜ் முன்னால் வந்தான். "அக்கா, நாளைக்கு எல்லாரும் ஒண்ணாவே நடக்கலாமுங்க. நாங்க கை தட்டலைங்க."

"தட்டுனா என்ன கண்ணு, தட்டீட்டே வாங்க" என்றார் அக்கா. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

அப்போது பழைய கோயில் மூப்பர் மெதுவாகக் கேட்டார்: "அப்ப ஊர்வலத்துக்கு முன்னால சிலுவைய யாருங்க தூக்கறது?"

அவ்வளவுதான். இருட்டும் வரை பேசினார்கள். ஒருவர்கூடக் குரலை உயர்த்தவில்லை. எல்லாம் 'ங்க' போட்டு மரியாதையாகவே பேசினார்கள்; ஒருவரும் இறங்கி வரவில்லை. கடைசியில் ஓலையைப் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். "நீங்க மொதல்ல எடுங்க", "இல்லீங்க, நீங்க எடுங்க" என்று அதிலும் உபசாரம். எதிரெதிரே வந்தால் இரண்டு ஊர்வலமும் பாட்டை நிறுத்திக்கொள்வது என்றும் ஏற்பாடு.

ஞாயிறு காலை ஏழரைக்கு மேல்நிலைத் தொட்டி முக்கில் எதிரெதிரே வந்தார்கள். இரண்டு பக்கமும் பாடியது ஒரே ஓசன்னா பாட்டு. சொன்னபடி நிறுத்தினார்கள். செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. ஞானராஜ் ஒதுங்கி அக்காவுக்கு வழிவிட்டான். "பாத்துங்க்கா, கல்லு கெடக்குது" என்றான். "செரி கண்ணு" என்று அவர் கடந்து போனார். கொஞ்ச தூரம் போனதும் இருபுறமும் பாட்டு தொடங்கியது.

மதியம் பஸ் ஏற்றிவிட வந்த ஞானராஜ், "பரவால்லீங்ணா, சண்ட சச்சரவில்லாம முடிஞ்சுது" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

எங்கள் ஊரில் சபைச் சண்டை கோர்ட் வரை போயிருக்கிறது. இந்த ஊர் எவ்வளவோ மேல் என்று எழுதத்தான் ஆசை. மனம் வரவில்லை. அந்தத் தொட்டி முக்கில் சண்டை போட்டிருந்தால், அக்காவும் தம்பியும் பத்து நிமிஷமாவது ஒரே இடத்தில் நின்றிருப்பார்கள்.