மாமா ஓட்டிய மைலேஜ்

பிள்ளைகளே, மாமல்லபுரம் போன அன்று உங்கள் மாமாவோடு சேர்ந்து நீங்களும் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். அதில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நான் ஓட்டுகிற விதத்தை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. ஏன் என்று எழுதிவிடுகிறேன்.

நம் குடும்பத்தில் கார் வாங்கிய முதல் ஆள் நான். பழைய வண்டிதான். அதை விற்கச் சொல்லி, மறைமலைநகரில் வாங்குவதற்கு ஆளையும் பார்த்துவிட்டு வந்திருந்தார் உங்கள் மாமா.

"பெட்ரோல் குடிக்குது மாப்ள. தள்ளி வுட்டுடு."

"லிட்டருக்குப் பதினெட்டு வரலன்னா நாளைக்கே வித்துடு மச்சான்" என்றேன்.

செங்கல்பட்டில், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று காட்டும் மீட்டரை ஜீரோ செய்து வீட்டிலிருந்து கிளம்பினோம். திருக்கழுக்குன்றம் வரைக்கும் எத்தனை வேகத்தடை! ஒவ்வொன்றுக்கும் தூரத்திலேயே ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்துவிடுவேன். வண்டி தானாக உருண்டு போகும், மீட்டரில் எண் ஏறும். பின்னால் பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

"இன்னா மாப்ள, டிவிஎஸ்ல தண்ணி கேன் கட்டிக்கினு போறவன் கூட நம்மள முந்தறான்! பெட்ரோலுக்குக் கணக்கு பாக்கறவன் பஸ்ல போவ வேண்டியதுதான?"

நீங்கள் சிரித்தது அப்போதுதான். எனக்குச் சுருக்கென்றது. கணக்குப் பார்க்கிறவன் கார் வைத்துக்கொள்ளக் கூடாதா? கணக்குப் பார்த்ததால்தான் நீங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தீர்கள். நான் காலை அழுத்தவில்லை.

கடற்கரையில் வண்டியை நிறுத்தியபோது மீட்டரில் பத்தொன்பது.

"இப்டி உருட்டினா வரும்தான். மனுஷன் ஓட்டினா தெரியும்" என்றார் மாமா.

"வரும்போது நீ ஓட்டு" என்று சாவியைக் கொடுத்தேன்.

அவரே மீட்டரை ஜீரோ செய்தார். அதே ரோடு, அதே ஆட்கள். வேகத்தடை வரைக்கும் விரட்டுவார், அங்கே பிரேக்கை மிதிப்பார், தாண்டியதும் மறுபடி விரட்டுவார். வீட்டு வாசலில் பதின்மூன்று.

"பாத்தியா, குடிக்குது!"

உங்கள் அம்மா பின் சீட்டிலிருந்து இறங்கிக்கொண்டே சொன்னாள்: "வண்டி எங்கண்ணா குடிக்குது? உன் காலுதான் குடிக்குது."

இந்தத் தடவை நீங்கள் சிரித்தது என்னைப் பார்த்து இல்லை. மாமா மறைமலைநகர் ஆளுக்குப் போன் போட்டு, "வண்டி இல்லப்பா, வேற பாரு" என்றார்.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த பிறகு நான் மட்டும் வெளியே வந்தேன். சாவியைத் திருப்பினேன். பதின்மூன்று அப்படியே நின்றது. அந்த எண் விடியும்வரைகூட என் வண்டியில் இருக்கக் கூடாது என்று தோன்றியது. ஜீரோ வரும்வரை பொத்தானை அழுத்திப் பிடித்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே வந்தேன்.