நான் ‘வுடு’ என்றேன், பெனடிக்ட் விட்டார்

பெனடிக்ட் கென்யாவில் காலமான செய்தியைக் குரோம்பேட்டை ஸ்டேஷனில் வாங்கிய பேப்பரில் பார்த்தேன். தன் நாட்டுக் கால்பந்து அணிக்கே தலைவராக இருந்த தடுப்பாட்டக்காரருக்கு வெறும் நான்கு வரி. பெஞ்சில் உட்கார்ந்து அதையே மறுபடி படித்தேன். மறுநாளே எங்கள் கிளப் செயலாளர் தணிகாசலம் ஆள் அனுப்பினார். இரங்கல் கூட்டமாம், தலைமை அவராம். ‘பெனடிக்டை உருவாக்கியதே நம் கிளப்தான்’ என்று நான் எழுதி வாசிக்க வேண்டுமாம். எழுதி வந்திருக்கிறேன், நன்றாகக் கேளுங்கள் தணிகாசலம் ஐயா.

எண்பதுகளில் தாம்பரத்துக்குப் படிக்க வந்தவர் பெனடிக்ட். எங்கள் கிளப்புக்கு மூன்று வருடம் ஆடினார். அவரைத் தாண்டிப் பந்து போவது லேசில் நடக்காது. எங்களிடம் அவர் கற்ற தமிழ் நாலே வார்த்தை: வா, போ, வுடு, மச்சான். அதை வைத்துக்கொண்டே மாடம்பாக்கத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் மூன்று முறை பாயசம் வாங்கிய மனிதர்.

அவருடைய மூன்றாம் வருடத்தில் ஓர் இறுதிப் போட்டி, கோல்கீப்பர் நான். கடைசி நிமிடத்தில் ஒரு பந்து சும்மா உருண்டு வந்தது. வெளியே உதைக்க பெனடிக்ட் காலை ஓங்கினார். “வுடு மச்சான், நான் எடுத்துக்கறேன்” என்று கத்தினேன். கோல்கீப்பர் சொன்னால் விட்டுவிட வேண்டும், அதுதான் எங்கள் வழக்கம். அவர் விட்டார். பந்து என் கைக்கு அடியில் புகுந்து கோலாகிவிட்டது, தோற்றோம்.

தணிகாசலம் மைதானத்துக்குள் வந்தார்.

“இவன் வேணும்னே வுட்டான்யா. கிளப் சட்டைய கயட்டிக் குடுத்துட்டுப் போவச் சொல்லு.”

பெனடிக்ட் சட்டையைக் கழற்றி, மடித்துக் கொடுத்தார். வெற்றுடம்போடு ஜி.எஸ்.டி. ரோடு ஓரமாக விடுதிவரை நடந்தார். பாவி நான், வாயே திறக்கவில்லை. எனக்கு அரசு வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் தர வேண்டியவர் தணிகாசலம். கடிதமும் கிடைத்தது, வேலையும் கிடைத்தது.

மறுநாள் விடுதிக்குப் போய் அழுதேன். பெனடிக்ட் திட்டவில்லை. “நீ கூப்பிட்டாய், நான் விட்டேன். அதில் தப்பில்லை. ஆனால் அதை நீ அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும்” என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஊருக்குப் போய் அவர் பெரிய ஆட்டக்காரரான பிறகு, ‘நம்ம பையன்’ என்று ஐயா மேடைதோறும் பேசியபோதும் நான் சும்மாதான் இருந்தேன்.

தணிகாசலம் ஐயா, நீங்கள் தலைமை நாற்காலியில் இருக்கிறீர்கள், பாதியில் எழுந்து போக முடியாது. அதற்காகவே இதை இங்கே வாசிக்கிறேன். அவரை நீங்கள் உருவாக்கவில்லை, அவமானப்படுத்தினீர்கள். நான் வேடிக்கை பார்த்தேன். மேடையில் இருக்கும் அவர் படத்துக்கு மாலை போட நம் இருவருக்கும் அருகதை இல்லை. கூட்டத்திலிருந்து வேறு யாராவது எழுந்து வாருங்கள்.

பெனடிக்ட், சொல்லிவிட்டேன். போய் வாருங்கள்.