அந்த அக்கா மெஷினில் வைரஸ் இல்லை

2007 வாக்கில் நடந்தது. கோம்பைக்காரனான நான், படிப்பை முடித்த கையோடு ஓடைப்பட்டிப் பக்கம் ஒரு திராட்சை விவசாயிகள் சங்கத்துக்கு வெப்சைட் செய்து கொடுத்திருந்தேன். அதில் அன்றைய விலையைப் பார்த்துவிட்டுத்தான் மறுநாள் பழம் வெட்டுவதா, விடுவதா என்று முடிவு செய்வார்கள். அதைப் பார்க்க எல்லோரும் போவது, அந்த ஊரில் ஓர் அக்கா நடத்திய பிரௌசிங் சென்டருக்குத்தான்.

ஆறேழு மாதத்தில் சைட் ஆமையாக ஊர ஆரம்பித்தது. ஒரு பக்கம் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். சங்கக் கூட்டத்தில் அத்தனை பேர் முன்னாலும் என்னைக் கேட்டார்கள். தேனியில் என் கம்ப்யூட்டரில் வைத்திருந்த பிரதி நன்றாகத்தான் ஓடியது. அந்தத் தெம்பில், "அந்த அக்கா மெஷின்ல பூரா வைரஸ்" என்று அடித்துவிட்டேன்.

பாவம், அவர் ஐந்து கம்ப்யூட்டரையும் அழித்துப் புதிதாக ஏற்றினார். பலனில்லை. ஆட்கள் சின்னமனூருக்குப் போக ஆரம்பித்தார்கள். ஒருநாள் எனக்கு அவரே போன் செய்தார்.

"தம்பி, சின்னமனூர் போனவுகளும் பக்கம் தொறக்கலைங்கிறாக. என் வைரஸ் அங்கனயும் போயிருச்சா?"

முகம் சுண்டிப்போய், அன்றைக்குத்தான் சைட் ஓடும் நிஜ சர்வருக்குள் நுழைந்து பார்த்தேன். உள்ளே வருபவர் யார் என்று நினைவு வைக்க, சர்வர் ஒவ்வொரு வருகைக்கும் ஒரு சின்ன ஃபைல் போட்டுவைக்கும். செஷன் என்பார்கள். ஆள் போன பிறகு அதை அழித்துவிட வேண்டும். அந்த ஃபோல்டரைத் திறந்தேன், திரை அப்படியே நின்றுவிட்டது. கடைசியில் வந்த கணக்கைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. லட்சக்கணக்கில் ஃபைல்கள்! அத்தனையையும் துழாவித் துழாவித்தான் சர்வர் நொண்டியிருக்கிறது. அடிக்கடி பாஸ்வேர்டு கேட்கக் கூடாதென்று, ஒரு வருடத்துக்கு எதையும் அழிக்காதே என எழுதி வைத்தவன் சாட்சாத் நானேதான். அதைப் பெருமையாக வேறு சொல்லித் திரிந்தேன்.

ஒரு வருடத்தை அரை மணி நேரமாக மாற்றி, பழைய ஃபைல்களைத் துடைத்தேன். சைட் சிட்டாகப் பறந்தது. நேரே அந்த அக்காவிடம் ஓடி மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை.

"இங்கன என் காதுல சொல்லி என்ன தம்பி? கூட்டத்துல வச்சுத்தான சொன்னீக? அங்கன போய்ச் சொல்லுங்க."

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். ஆனாலும் சின்னமனூர் போய்ப் பழகியவர்களில் பலர் திரும்பவே இல்லை. ஐந்தில் இரண்டு கம்ப்யூட்டரை அவர் விற்கும்படி ஆனது. சர்வரில் ஒரு வரியை மாற்றியதும் எல்லாம் சரியாகிவிட்டது. கூட்டத்தில் நான் சொன்ன அந்த ஒரு வரியைத்தான் இன்றுவரை மாற்ற முடியவில்லை.