ஆறாம் கட்டிலின் அம்பு

அந்த ஆஸ்பத்திரியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டாக்டர்கள் முதல் கூட்டிப் பெருக்குகிறவர்கள் வரை எல்லோருக்கும் அவள் 'அம்பக்கா'தான். வேலை டைப்பிங். காலையில் டாக்டர்கள் கட்டில் கட்டிலாகப் பார்த்துவிட்டுக் கிறுக்கித் தருகிற தாள்களை வைத்து, இன்றைக்கு யாருக்கு எந்த மருந்தைக் கூட்டவேண்டும், யாருக்குக் குறைக்கவேண்டும் என்று பட்டியல் அடித்து வார்டுக்கு அனுப்பவேண்டும். கூட்டுவதற்கு ↑, குறைப்பதற்கு ↓.

சேர்ந்த புதிதில் கீபோர்டில் அம்பைத் தேடிச் சலித்து, இடம் விட்டு அடித்துப் பிறகு பேனாவால் போட்டாள். அது ஜெராக்ஸில் தலை அழிந்து வெறும் கோடாக நின்றது. நர்ஸுகள் சண்டைக்கு வந்தார்கள். அப்புறம் தானே தோண்டித் துருவி, கம்ப்யூட்டரில் விசேஷக் குறிகள் ஒளிந்திருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துக் குறுக்குவழியும் வைத்துக்கொண்டாள். சாய்கோடும் ஒன்றும் அடித்தால் ↑ வரும். சாய்கோடும் இரண்டும் அடித்தால் ↓. பதினோரு வருடத்தில் ஒரு அம்பு தப்பியதில்லை. அந்தப் பெருமை கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. வீட்டிலும் பால் குறைந்தால் ஃபிரிட்ஜில் ↓ ஒட்டிவைப்பாள். "என் மேல ஒண்ணும் ஒட்டிடாத" என்பார் புருஷன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மேசையில் புதுக் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருந்தது. குறுக்குவழிகளை மறுபடியும் பதியவேண்டியிருந்தது. அவசரத்தில் ஒன்றுக்கு ↓, இரண்டுக்கு ↑ என்று மாற்றிப் பதிந்துவிட்டாள். விரல்கள் பழக்கத்தில் ஓடின. முப்பது வரியும் அடித்து முடித்த பிறகுதான், எல்லா அம்பும் தலைகீழாக நிற்பது கண்ணில் பட்டது.

வாசலில் வார்டு ஆயா வந்து நின்றாள். "அக்கா, லிஸ்ட் எங்கேன்னு சிஸ்டர் கேக்கறாங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி ஊசி போடணுமாம்."

"இதோ, ஒரு நிமிஷம்."

அந்த ஒரு நிமிஷத்தில்தான் கோட்டைவிட்டாள். எல்லா ↑ஐயும் ↓ ஆக்கு என்று கம்ப்யூட்டருக்குக் கட்டளை கொடுத்தாள். ஆக்கியது. பிறகு எல்லா ↓ஐயும் ↑ ஆக்கு என்றாள். அதையும் ஆக்கியது. அச்செடுத்துக் கையில் கொடுத்தாள். ஆயா போய்விட்டாள்.

ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். முப்பது அம்பும் மேலே பார்த்துக்கொண்டிருந்தன. முதல் கட்டளையில் எல்லாமே கீழே திரும்பிவிட்டன. இரண்டாவது கட்டளை அத்தனையையும் சேர்த்து மேலே திருப்பிவிட்டது. குறைக்கவேண்டியவர்கள் ஒன்பது பேர். எட்டுப் பேருக்கு ராத்திரி மாத்திரை, அவகாசம் இருந்தது. ஆறாம் கட்டிலுக்கு மட்டும் இன்சுலின் ஊசி, சாப்பாட்டுக்கு முன்னால். நேற்று பன்னிரண்டு யூனிட். நாலு குறைத்து எட்டு போடவேண்டும். தாளில் நாலு கூட்டு என்றிருந்தது.

வார்டுக்குப் போன் அடித்தாள். எங்கேஜ்டு. மறுபடியும் எங்கேஜ்டு. லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. இரண்டு மாடியைத் தலைதெறிக்க ஏறினாள். செருப்பு ஒன்று படியிலேயே நின்றுவிட்டது.

ஆறாம் கட்டிலில் ஓய்வுபெற்ற லாரி டிரைவர். சிஸ்டர் அவர் கையில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், எத்தனை போட்டீங்க?"

"பதினாறு. நீங்கதானே அடிச்சிருக்கீங்க."

"எட்டு. எட்டுதான் போடணும். என் தப்பு." மூச்சு வாங்கியதில் பேச்சு பிசிறடித்தது.

சிஸ்டரின் முகம் வெளிறியது. "டாக்டர் எழுதின தாளோட ஒத்துப் பார்க்கணும்கிறது ரூல். உங்க லிஸ்ட்தானேன்னு நான் பார்க்கறதை விட்டு ரொம்ப நாளாச்சு" என்றார் மெதுவாக. திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

டாக்டர் வந்தார். மற்ற எட்டு வரிகளையும் சிஸ்டர் தாளிலேயே அடித்துத் திருத்தினார். ஆறாம் கட்டிலுக்கு உடனே சாப்பாடு கொடுத்தார்கள். டிரைவருக்கு நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை. கால்மணிக்கொரு தடவை விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். நூற்று நாற்பது. நூற்றுப் பத்து. எண்பத்திரண்டு. ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் சிஸ்டர் பேனாவால் ஒரு ↓ போட்டார். அம்பக்கா ஸ்டூலில் உட்கார்ந்து டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். போகச் சொல்லியும் போகவில்லை. வேலை போனாலும் போகட்டும், இந்த மனுஷனுக்கு ஒன்றும் ஆகாமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

ஐம்பத்தெட்டு. அவர் உடம்பெல்லாம் வேர்வை. கை சில்லிட்டு நடுங்கியது. கேட்டதற்கு வாய் குழறியது. பிறகு கண்ணை மூடிவிட்டார். டாக்டர் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார். சொட்டுச் சொட்டாக இறங்குவதை அவள் கண்கொட்டாமல் பார்த்தாள். கால்மணி அவளுக்குக் கால் யுகமாகப் போயிற்று.

அறுபத்தொன்பது. சிஸ்டர் பக்கத்தில் ↑ போட்டார். அடுத்தது தொண்ணூற்றாறு. இன்னொரு ↑. பதினோரு வருடத்தில் ஆயிரக்கணக்கில் அம்பு போட்டவள், ஒரு அம்பைப் பார்த்து அழுதது அன்றைக்குத்தான்.

டிரைவர் கண்ணைத் திறந்தார். தன் கையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"யாரும்மா நீங்க? நர்ஸா?"

சிஸ்டர் அவசரமாக ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்பக்கா முந்திக்கொண்டாள்.

"இல்லைங்க. டைப்பிஸ்ட். உங்க மருந்தைக் குறைக்கச் சொல்லியிருந்தாங்க. நான் கூட்டுன்னு அடிச்சுட்டேன். அதனாலதான் உங்களுக்கு இப்படி ஆச்சு."

அவர் கையை உருவிக்கொள்வார் என்று நினைத்து அவளே விரல்களைத் தளர்த்தினாள்.

"நானும் ஒருதடவை ரிவர்ஸ்னு நினைச்சு முன்னாடி கியர் போட்டிருக்கேன்" என்றார் டிரைவர். "இடிச்ச வீட்டுக்காரர்கிட்ட நின்னு சொல்ல தைரியம் வரலை. வண்டியை எடுத்துட்டு ஓடிட்டேன்."

அவள் தளர்த்திய விரல்களை அவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.