கருவிழியில் ஊர்ந்தவை

அம்சவள்ளிக்கு நாற்பத்தாறு வயது. இருபது வருடமாக மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருகிறாள். அவளைப்போல் மளமளவென்று கூடை நிரப்புகிறவளும் அங்கே இல்லை, அவளைப்போல் கேள்வி கேட்கிறவளும் இல்லை. பஸ்ஸில் ஏறினால் டீசல் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று கண்டக்டரை விசாரித்துவிட்டுத்தான் இறங்குவாள்.

வைகாசியில் ஒருநாள் இறுகிப்போன உப்புக் குவியலைக் கடப்பாரையால் இடிக்கும்போது, ஒரு சில்லு தெறித்து அவள் வலது கண்ணில் பட்டது. நல்ல தண்ணீரில் எவ்வளவு கழுவியும் கண்ணைத் திறக்க முடியவில்லை. புருஷன் சகாதேவன் பைக்கில் உட்காரவைத்துப் புதுச்சேரிக்கு அழைத்துப் போனான்.

கண் டாக்டர் சிவசங்கரி மஞ்சள் மருந்து விட்டு, நீல வெளிச்சத்தில் படம் எடுத்துக் காட்டினார். கருவிழியின் மேல்தோல் அரிசி அளவுக்கு உரிந்திருந்த இடம் பச்சையாக மின்னியது. தையல் போடுவீர்களா என்று அம்சவள்ளி பயந்துகொண்டே கேட்டாள். ஓரத்துச் செல்களே ஊர்ந்து வந்து மூடிவிடும் என்றார் டாக்டர். செல்லுக்குள் புரத இழைகள் இருக்கின்றன. முன்னால் இழை நீண்டு கால் ஊன்ற, பின்னால் இழை சுருங்கி உடம்பை இழுத்துக்கொள்ளுமாம்.

“அதுங்கள மேய்க்கிற மேஸ்திரி யாரு டாக்டரம்மா?”

“மேஸ்திரியே கெடையாதும்மா. பக்கத்துல எடம் காலியானா தானா கெளம்பிடும். நீங்க கண்ண கசக்காம இருங்க, போதும். கசக்கினா வந்ததெல்லாம் உரிஞ்சிடும்.”

அதுதான் பெரும்பாடாக இருந்தது. மண்ணை அள்ளிப் போட்டதுபோல் கண் உறுத்தியது. கை சும்மா இருந்தால் கண்ணுக்குத்தான் போகும் என்று, பக்கத்து வீட்டுத் திரௌபதி விதைக்கு வைத்திருந்த மல்லாட்டை மூட்டையைக் கேட்டு வாங்கி, ஒற்றைக் கண்ணோடு கடலையை உரித்துத் தள்ளினாள். தாய்ப்பால் ரெண்டு சொட்டு விட்டால் குளிர்ந்துவிடும் என்று திரௌபதி யோசனை சொன்னாள்.

“உள்ள அதுங்க வேல செய்யுதுடி. குறுக்க போவாத” என்றாள் அம்சவள்ளி.

மூன்றாம் நாள் படத்தில் பச்சையைக் காணோம். அம்சவள்ளி நாற்காலியிலிருந்து எழுந்து வந்து பார்த்தாள். இனி செல்கள் பெருகி அடுக்கடுக்காகத் தடிக்க வேண்டும், அடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும், அதனால் இன்னும் பத்து நாள் உப்பளம் பக்கம் போகக்கூடாது என்றார் டாக்டர். இரண்டு படங்களையும் சகாதேவனின் போனில் பிடித்து வைக்கச் சொன்னாள் அவள்.

பத்து நாள் கழித்துக் கறுப்புக் கண்ணாடியோடு உப்புப் பாத்தியில் இறங்கியவளைப் பார்த்துப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கையோடு கொண்டுவந்திருந்த புருஷனின் போனை அவள் நீட்டியதும் சிரிப்பு நின்று, தலைகள் நெருங்கின. அந்த வாரமே மூன்று பேர் கண்ணாடி வாங்கக் கிளம்பினார்கள். யார் முகத்துக்கு எது எடுப்பாக இருக்கும் என்று சொல்ல அம்சவள்ளியும் கூடப் போனாள்.