பாட்டுக்கு எழுந்து போனவன்

நாங்குநேரிப் பக்கத்திலிருந்து ஒரகடம் தொழிற்சாலை ஒன்றுக்கு வேலைக்கு வந்த இசக்கிபாண்டி, தன் குடும்பத்தின் முதல் பட்டதாரி. அதே லைனில் வேலை பார்க்கும் வடக்குப்பட்டு ஜாஸ்மின் ஞாயிற்றுக்கிழமை படத்துக்குக் கூப்பிட்டதிலிருந்து அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. மனதில் இருப்பதை அன்றைக்கே சொல்லிவிடுவதென்று முடிவு செய்திருந்தான்.

அது ஆங்கிலப் படம். ரொட்டி சுடும் பெண் ஒருத்தி பாட ஆரம்பித்ததும் இவன் எழுந்தான். பாட்டு வந்தால் வெளியே போய்வருவதுதான் அவனூர்க் கொட்டகை வழக்கம். பாப்கார்னோடு திரும்பினால் திரையில் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமே முடிந்திருந்தது. அடுத்த பாட்டுக்கு சமோசா வாங்கி வருவதற்குள் புருஷன் கப்பலேறிப் போயிருந்தான்.

"என்னங்க இது, ஒரு பாட்டுக்குள்ள குடும்பமே பிரிஞ்சிருது?"

"யோவ், கதையே பாட்டுலதான் கீது! டிகிரி படிச்சவன்தானே நீ? என் பக்கத்துல உக்கார புடிக்கலன்னா சொல்லிடு, வூட்டுக்குப் போய்க்கினே இருப்பேன்."

 அதன்பின் அவன் இருக்கையை விட்டு அசையவில்லை. கடைசியில் புருஷன் திரும்பி வந்தபோது, அந்தப் பெண் வாயால் சொல்ல முடியாததையெல்லாம் பாடியே சொல்லிவிட்டாள். இசக்கிபாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

திரையில் பெயர்கள் பாட்டோடு ஓட, விளக்கு எரிந்தது. எல்லோரும் எழுந்தார்கள்.

"இன்னா, வரலையா?"

"இன்னும் பாட்டு ஓடுதுல்லா. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ஆனா எனக்குப் பாட வராது."

ஜாஸ்மின் சிரித்தபடி மறுபடியும் உட்கார்ந்தாள்.

"பாடிடாதப்பா சாமி. சும்மாவே சொல்லு."