பொட்டு வைத்த சி.டி.

எங்கள் வீட்டில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டாத இடம் கிடையாது. முகம் பார்க்கும் கண்ணாடியில், பீரோவில், குளியலறைக் கதவில். ஒரு தடவை நான் திருத்திய கணக்குப் பரீட்சைத் தாளில் ஒன்று ஒட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் வரை வந்துவிட்டது. அதனால் அந்த சி.டி.யின் மேல் சிவப்பாக ஒரு பொட்டைப் பார்த்தபோது எனக்கு எதுவும் தோன்றவில்லை. அழகாக இருக்கிறதே என்று அதை நடுவில் கட்டினேன்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும். வேங்கிக்காலில் வீடு கட்டிக் குடிவந்த புதிது. என் கணவர் கலெக்டர் ஆபீசில் வேலை பார்த்தார். நான் அரசு நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஒரே மகள். உள்ளூரிலேயே கம்ப்யூட்டர் பட்டப்படிப்பு முடித்தவள், சென்னைக்குப் போய் அனிமேஷன் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"படிச்சிட்டு இன்னா வேலை செய்வே?" என்று அவளுடைய அப்பா கேட்டார்.

"சண்டை சீன்ல ஆளுங்கள கயிறு கட்டித் தூக்குவாங்க இல்லப்பா, அந்தக் கயிறு படத்துல தெரியாம அழிக்கணும். மொதல்ல அந்த மாதிரி வேலைதான் குடுப்பாங்க. போகப்போகத்தான் அனிமேஷன்."

"அழிக்கிறதுக்கு ஒரு படிப்பா? உங்கம்மா தெனம் போர்டு அழிக்கிறா. அவளுக்கு எவன் சர்ட்டிபிகேட் குடுத்தான்?"

கீழ்பென்னாத்தூரில் இருக்கும் என் நாத்தனார் ஒரு படி மேலே போனாள். "அண்ணி, உம் பொண்ணு கயிறு அழிக்கப் போறாளாமே. எங்க ஊட்ல துணி காயப்போடுற கயிறு அறுந்து கெடக்குது. வந்தா அதக் கட்டச் சொல்லு, புண்ணியமாப் போவும்."

மகளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பெட்டி கட்டினாள்.

எட்டு மாதம் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். நடுவில் அவளுக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்திருந்தது எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. திரும்பி வந்தபோது கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்திருந்தது. கையில் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி, ஒரு உருளை டப்பா நிறைய சி.டி. எல்லாம் படம் பதியும்போதே பாதியில் நின்றுபோனவை, வீண் என்றாள். "அப்ப ஏன் தூக்கிட்டு வந்தே?" என்றதற்கு, "ஒண்ணு நல்லது இருக்குதும்மா" என்றாள். நான் அதைக் காதில் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை.

அந்த ஒன்றில்தான் அவளுடைய ஷோ ரீல் இருந்தது. எட்டு மாதத்தில் அவள் தன் கையால் செய்த நல்ல வேலைகளை எல்லாம் இரண்டு நிமிஷப் படமாகக் கோத்து வைத்தது. வேலை கேட்டுப் போகிற இடத்தில் மார்க்குப் பட்டியலைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்களாம், ரீலைத்தான் பார்ப்பார்களாம். படிப்பு முடிந்ததும் அந்த நிறுவனத்தில் கம்ப்யூட்டர்களில் இருந்ததை எல்லாம் அழித்து அடுத்த பேட்சுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதற்குள் அவள் பதிந்து எடுத்துக்கொண்டது இரண்டு சி.டி. ஒன்றைச் சென்னையிலிருந்தே ஒரு கம்பெனிக்கு அனுப்பினாள், அது திரும்பி வரவில்லை. அவளுடைய பழைய கம்ப்யூட்டரில் அதை ஏற்றி வைக்க இடம் போதவில்லை. மிஞ்சியதில் கீறல் விழக்கூடாது என்று வீணாய்ப் போன சி.டி.களுக்கு இடையில் செருகி வைத்திருந்தாள். பேனாவால் எழுதினால் அழுத்தம் படுமோ என்று பயந்து, அடையாளத்துக்குப் பொட்டு ஒட்டியிருந்தாள்.

மூன்று மாதம் போயும் வேலை வரவில்லை. என் கணவர் பி.எட். விண்ணப்பம் வாங்கிவந்து, தன் முத்துமுத்தான கையெழுத்தில் பூர்த்தி செய்து, போட்டோவும் ஒட்டி வைத்தார். அவள் கையெழுத்து மட்டும் பாக்கி. அப்பாவும் பெண்ணும் ஒரு பேச்சுக்கு வந்தார்கள்: விண்ணப்பம் போடக் கடைசி நாள் சனிக்கிழமை. அதற்குள் ஏதாவது ஒரு கம்பெனி கூப்பிட்டு எடுத்துக்கொண்டால் சரி, இல்லையென்றால் கையெழுத்து.

அந்த வாரம்தான் நான் கூழ் வடகம் போட்டேன். சித்ரா பௌர்ணமிக் கூட்டம் ஊரை விட்டு வடிந்து, வெயில் உக்கிரமாக இருந்தது. மாடியில் வேட்டி விரித்துப் பிழிந்துவிட்டுக் கீழே இறங்கினால் காக்கா வந்துவிடும். எதிர் வீட்டுக்காரம்மா தன் மாடியில் காயும் மல்லாட்டைக் கடலைக்கு மேலே சி.டி. கட்டியிருந்தாள். "வெளிச்சம் பட்டுப் பட்டு அடிக்குது டீச்சர், ஒரு காக்கா கிட்ட வரமாட்டேங்குது" என்றாள். நான் டப்பாவிலிருந்து மேலாக எட்டு சி.டி. எடுத்தேன். ஓட்டையில் நூல் கோத்து வரிசையாகத் தொங்கவிட்டேன்.

மூன்றாம் நாள், புதன்கிழமை காலை பத்து மணிக்கு டெலிபோன் அடித்தது. மகள் ஓடிப்போய் எடுத்தாள். "சரிங்க சார், வந்துடறேங்க, ரீல் எடுத்துட்டு வரேங்க" என்றவள், போனை வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். மறுநாளே வரச் சொல்லியிருந்தார்கள்.

நான் வடகத்தைத் திருப்பிப் போட மாடிக்குப் போனேன். கீழே அவள் டப்பாவைக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது. பிறகு மேஜை இழுப்பறை, பிறகு பீரோ. "அம்மா, பொட்டு ஒட்டி ஒரு சி.டி. இருந்துச்சே, பாத்தியா?"

அது என் முகத்துக்கு நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது.

நூலை அறுத்து அதைக் கையில் எடுத்தேன். சூடாக இருந்தது. ஓரம் லேசாக நெளிந்திருந்தது. மினுக்கும் பக்கத்தில் ஒரு இடத்தில் கொப்புளம் மாதிரி எழும்பியிருந்தது. பொட்டு மட்டும் வெளுக்காமல் அப்படியே இருந்தது.

உடனே கீழே ஓடியிருக்க வேண்டும். ஓடினேன் என்றுதான் இத்தனை வருடமும் சொல்லி வந்திருக்கிறேன். நான் ஓடவில்லை. அந்த இடத்திலேயே நின்றேன். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் அப்போது காலிமனை, ஆள் உயரத்துக்கு முள்செடி. கையை வீசினால் போதும், யாராலும் தேடி எடுக்க முடியாது. சி.டி. காணவில்லை என்றால் காணவில்லைதான். பேச்சுப்படி சனிக்கிழமை கையெழுத்துப் போடுவாள். பிறகு ஏதாவது ஒரு ஊரில் பள்ளிக்கூட வேலை, நாலு மணிக்கு மணி அடித்தால் வீடு. காய்ச்சல் வந்தால் நெற்றியில் கை வைத்துப் பார்க்கிற தூரத்தில் இருப்பாள். நான் செய்தேன் என்று ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. செய்யவேண்டியதுகூட எதுவுமில்லை, சும்மா இருந்தால் போதும்.

ஐந்து நிமிஷமோ, பத்து நிமிஷமோ. தரை கொதித்தது. கால் சுடுகிறது என்று தெரிந்தது, நகரத் தோன்றவில்லை. ஆறாம் வகுப்பில் திருடிய பென்சிலோடு பிடிபட்ட பிள்ளைகளை நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். கையை மூடவும் தெரியாமல், விரிக்கவும் தெரியாமல் நிற்பார்கள். நானும் அப்படித்தான் நின்றிருப்பேன்.

"அம்மா!" என்று கீழேயிருந்து குரல் வந்தது. "செருப்புப் போட்டுக்கினு போனியா? கால் சுடப்போவுது, எறங்கி வா."

இறங்கினேன். சி.டி.யை நீட்டினேன். "வீணாப்போனதுன்னு நெனச்சு காக்காவுக்குக் கட்டிட்டேண்டி. இப்பதான் பாத்தேன்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சி.டி.யைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கம்ப்யூட்டரில் போட்டாள். அது கரகரவென்று சுற்றி நின்று, மறுபடி சுற்றி, படம் வந்தது. அவள் செய்ததை அன்றுதான் நான் ஒழுங்காகப் பார்த்தேன். ஒரு டம்ளர் தண்ணீரில் சொட்டு விழுந்து வளையம் விரிந்தது. டம்ளரும் தண்ணீரும் கம்ப்யூட்டருக்குள்ளேயே செய்தவை என்றால் நம்ப முடியவில்லை. அடுத்து ஒரு கண்ணாடிக் கோலி மாடிப்படியில் ஒவ்வொரு படியாகக் குதித்து இறங்கியது. நாலாவது படியில் அந்தரத்தில் நின்றுவிட்டது. அதற்கு மேல் ஓடவில்லை.

"கயிறு அழிச்சதெல்லாம் இதுக்கு அப்புறம்தான் இருக்குது" என்றாள். "அதான் அவங்களுக்கு வேணும்."

மத்தியானம் சாப்பிட வந்த அவரிடம் நானே சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கையைக் கழுவிவிட்டு வந்து, பற்பசை தேய்த்தால் கீறல் போகும் என்று ஆபீசில் யாரோ சொன்னதாகச் சொல்லி, பழைய பனியன் துணியில் கொஞ்சம் தொட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். நடுவிலிருந்து ஓரத்துக்கு, மெதுவாக, குழந்தைக்கு எண்ணெய் வைப்பதுபோல. சாப்பாடு ஆறிப்போயிற்று. பத்து தடவை தேய்த்து பத்து தடவை போட்டுப் பார்த்தார்கள். கோலி கடைசிப் படி வரை வந்து தரையில் உருண்டது. கயிறு வரவே இல்லை.

"நெளிஞ்சு போச்சு, அவ்ளோதாம்மா" என்றார். பிறகு, "நாளைக்கு மொத பஸ்ல நானும் வரேன். இருக்கிறதக் காட்டு" என்றார். பி.எட். விண்ணப்பத்தையும் ஞாபகமாகப் பையில் வைத்துக்கொண்டார். வேலை கிடைக்காவிட்டால் வருகிற வழியிலேயே கையெழுத்து வாங்கிவிடலாம் என்று.

மறுநாள் சென்னையில் நடந்ததை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ரீல் பாதியில் நின்றதும் அங்கிருந்தவர், மீதி எங்கே என்று கேட்டிருக்கிறார். "எங்கம்மா காக்கா வெரட்டறதுக்கு மாடியில கட்டிட்டாங்க சார், வடகத்துக்கு" என்று இவள் உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். அறையில் ஒரே சிரிப்பு. ஒருவர், "வடகமாவது தப்பிச்சுதா?" என்றாராம். சிரித்து முடித்துவிட்டு, ரீல் இல்லாவிட்டால் என்ன, இங்கேயே செய்து காட்டு என்று ஒரு சண்டைக் காட்சியைக் கொடுத்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். ஒருவன் சுவரிலிருந்து குதிக்கிறான், முதுகில் கயிறு. அது நாலு விநாடிக் காட்சி. சாயங்காலம் வரை ஒவ்வொரு படமாகக் கயிற்றை அழித்திருக்கிறாள். அவர் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், டீ குடிக்கக்கூடப் போகாமல்.

ஆறு மணிக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினார். "திங்கக்கெழமையிலேருந்து வரச் சொல்லிட்டாங்க. அடையாள அட்டைக்கு போட்டோ கேட்டாங்க. கையில வேற இல்ல, விண்ணப்பத்துல இருந்ததத்தான் பிச்சிக் குடுத்தேன்." கொஞ்சம் நிறுத்தி, "பசை நல்லா ஒட்டியிருந்துச்சு. மெதுவாதான் வந்துச்சு" என்றார்.

பிறகு நடந்ததெல்லாம் மற்ற வீடுகளில் நடப்பதுதான். ஆறு மாதம் கயிறு அழித்தாள், பிறகு வானம் மாற்றினாள், பிறகு மழை பெய்ய வைத்தாள். கண்ணுக்குக் கீழே கருப்பு போகவில்லை. காய்ச்சல் வந்தால் இப்போதும் தாமதமாகத்தான் சொல்கிறாள். என் பயம் ஒன்றுகூடப் பொய்யாகவில்லை.

நாலைந்து வருடம் கழித்து ஒரு மே மாதம் லீவில் வந்தவள் என்னோடு மாடியில் வடகம் பிழிந்தாள். எதிர் வீட்டு மாடியில் சி.டி.கள் ஆடிக்கொண்டிருந்தன. எங்கள் கைப்பிடிச் சுவரில் வெளிச்சப் புள்ளிகள் ஓடின.

"இதப் பாத்தாலே எனக்குக் கை நடுங்குதுடி" என்றேன்.

அவள் பிழிவதை நிறுத்தாமல் சொன்னாள். "அன்னிக்குக் கூட நடுங்குச்சு."

"எப்போ?"

"ஹால் ஜன்னல்லேருந்து பாத்தா எதிர் வீட்டுச் சுவரு தெரியும் இல்ல? நீ கட்டின சி.டி. வெளிச்சமெல்லாம் அதுலதான் அடிக்கும், மூணு நாளா பாத்துக்கினு இருந்தேன். ஜோரா ஆடும். தேடிக்கினு இருக்கும்போது பாக்கறேன், ஒரு வெளிச்சம் மட்டும் தனியாப் போய் மேல நின்னுச்சு. ஆடல. நடுங்கிக்கினே ரொம்ப நேரம் ஒரே எடத்துல நின்னுச்சு."

நான் எதிர் வீட்டுச் சுவரைப் பார்த்தேன்.

"தொங்கறது அப்படி நிக்காதும்மா. கையில இருந்தாத்தான் நிக்கும். அஞ்சு நிமிஷம் பாத்தேன். அப்புறம்தான் செருப்புப் போட்டியான்னு கத்தினேன்."

"தெரிஞ்சப்பவே நேரா மாடிக்கே வந்து புடுங்கியிருக்கலாமே."

"வந்திருக்கலாம்" என்றாள். குழல் காலியாகியிருந்தது. என்னிடம் நீட்டினாள். "கூழ் போடு. காயறதுக்குள்ள முடிக்கணும்."

நான் கூழை அள்ளிப் போட்டேன். பாதி வெளியே சிந்தியது.